மோட்டார் ரூம் பல்பு

சாமி,

சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு பலகை வைத்திருக்கிறேன். கல்யாண வேலையில் யாராவது குப்பை என்று எடுத்துப் பரணில் போட்டுவிடுவார்களோ என்று மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருக்கிறேன். நான்கு பேட்டரிக் கட்டை, ஒரு டார்ச் பல்பு, குமிழ் வைத்த பழைய மாடல் சுவிட்ச் ஒன்று, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு அடித்த இரண்டு ஆணிகள். அவ்வளவுதான். அந்தச் சுவிட்சுக்குத்தான் நாமக்கல்லில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியாக ஒருவர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதைய வெச்சு என்னங்க டீச்சர் பண்ணப் போறீங்க? மியூசியத்துல வெக்கவா?" என்றார். என் பையனுக்கு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். நீ கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் முதலில் இந்தக் கடிதத்தைப் படி. துண்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

போன வாரம் பந்தல்காரர் வந்து, "ஊட்டு முன்னால சீரியல் செட்டு எத்தனை வரிசை போடோணுங்க?" என்று கேட்டபோது, "அதெல்லாம் வேண்டாங்க" என்றாய். "கல்யாண ஊடுன்னு எப்படிங்க தெரியும்? பொண்ணு ஊட்டுக்காரங்க இருட்டுல வேற ஊட்டுக்குள்ள பூந்துருவாங்க" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. வாழைமரம் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். பையன் சிக்கனக்காரன் என்று பந்தல்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அன்று சாயங்காலம் நிவேதா போன் செய்யாமல் இருந்திருந்தால்.

"அத்தை, ஒண்ணு சொல்லோணுங்க. நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிராதீங்க."

"சொல்லு கண்ணு."

"அவரு எங்கயுமே சுவிட்ச் போட மாட்டாருங்க, உங்களுக்குத் தெரியுங்களா? ஓட்டலுக்குப் போனாக்கூட கை கழுவற எடத்துல லைட்டு நாந்தான் போடோணும். சுவிட்ச் போடறதுக்கு ஒரு ஆள் வேணும்னுதான் என்னையக் கட்டிக்கறீங்களான்னு கிண்டல் பண்ணுனேன். அப்பத்தான் சொன்னாருங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவ நாந்தான் கொன்னேன்னாருங்க அத்தை."

நீ சொன்னதை ஒன்றுவிடாமல், சொன்ன வரிசையிலேயே சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். பல்பு எரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டாய். அவர் திரும்பவில்லை. நீ ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினாய். அப்பா விழுந்துவிட்டார். இவ்வளவுதான் நீ அவளிடம் சொன்னது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏழு வயதிலிருந்து இருந்திருக்கிறாய். சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டதை மீறி உன்னிடம் சொல்கிறேன். அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இந்த வீட்டில் யாரும் செய்யாததை, வீட்டுக்குள் இன்னும் கால் வைக்காத அந்தப் பெண் செய்திருக்கிறாள்.

போனை வைத்த பிறகு எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. பள்ளிக்கூடம் விட்டு, பஸ் பிடித்து நான் வீடு வந்து சேர்வதற்குள் பொழுது இறங்கிவிடும். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், நம் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். உள்ளே ஜன்னலோரம், மிச்சமிருக்கிற வெளிச்சத்தில் நோட்டைச் சாய்த்துப் பிடித்து எழுதிக்கொண்டிருப்பாய். "லைட்டப் போட்டுக்கறதுக்கென்ன சாமி? கரண்டு பில்லு நீயா கட்டற?" என்று திட்டிக்கொண்டே போடுவேன். "மறந்துட்டேம்மா" என்பாய். தினமும் ஒரு பிள்ளை எப்படி மறக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. நான் வந்து விளக்கேற்றட்டும் என்று காத்திருக்கிறாய் என்று எண்ணி, சில நாள் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்தாய். பிசிக்ஸ் டீச்சர் பையன் இப்படிப் பண்ணிவிட்டானே என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்தார்கள். எனக்கும் வருத்தம்தான். கணக்குப் பரீட்சையில் நீ வாங்கிய மார்க்கைப் பார்த்து அதுவும் ஆறிப்போயிற்று. இப்போது அந்த இருட்டு வீட்டுக்குள் திரும்பத் திரும்ப நுழைகிறேன். ஒவ்வொரு முறையும் நீ சுவிட்ச்போர்டுக்கு எதிர்ச் சுவரோரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறாய்.

அந்தப் பல்பைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. இன்று பேச வேண்டும். மோகனூர்ப் பக்கத்தில் அப்போது நமக்குக் கரும்புக்காடு இருந்தது. கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாத் தோட்டத்திலும் செய்கிற மாதிரி உன் அப்பாவும் மோட்டார் ரூம் வெளிச்சுவரில், வீட்டைப் பார்க்கிற பக்கமாக, ஒரு நாற்பது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டிருந்தார். பல்பு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது. எரியவில்லை என்றால் இல்லை. அது வெளிச்சத்துக்கான பல்பு இல்லை, சேதி சொல்கிற பல்பு. அதைப் பார்த்துச் சொல்வது உன் வேலை. சோறு தின்றுகொண்டிருந்தாலும் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்து, "கரண்ட் வந்துருச்சு!" என்று கத்துவாய். உன் அப்பா, "எங்கூட்டு லைன்மேன் சொல்லிட்டாரு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். அந்தப் பல்புக்குக் கதவோரத்தில் தனியாக ஒரு சுவிட்ச் இருந்தது. அதை யாரும் தொடக் கூடாது. அணைத்துவிட்டால் கரண்ட் வந்ததே தெரியாமல் பயிர் காய்ந்துவிடும். "அதைய மட்டும் ஒருநாளும் தொட்றாத சாமி" என்று அவர் உனக்குச் சொல்வது என் காதில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள். எப்போதும் போட்டே இருக்கிற சுவிட்ச் அது.

அன்று மத்தியானம் பல்பு எரியவில்லை. கரண்ட் இல்லை என்று உன் அப்பா எடுத்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். மோட்டார் ரூம் பக்கம் போனபோது, பல்பிலிருந்து திரும்பி வருகிற ஒயரில், டேப் சுற்றிய பழைய ஜாயின்ட் ஒன்று விட்டுப்போய் இரண்டு முனையும் தனித்தனியாகத் தொங்குவதைப் பார்த்தார். கரண்ட் இல்லாத நேரத்திலேயே முறுக்கிவிடலாம் என்று, வாய்க்கால் ஈரத்தில் செருப்பில்லாமல் நின்றபடி இரண்டு கையாலும் இரண்டு முனையைப் பிடித்தார். கரண்ட் அதற்கு முன்பே வந்திருந்தது. பல்பு எரியாததற்குக் காரணம் அந்த ஜாயின்ட். எந்த ஒயர் விட்டுப்போனதால் பல்பு சேதி சொல்லவில்லையோ, அந்த ஒயரையே சேதியை நம்பிக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் நீ கத்தினாய். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. "அப்பா, கரண்ட் வந்துருச்சு!" வழக்கமான சந்தோஷக் குரல். இரண்டாவது முறை கத்தினாய். மூன்றாவது முறை அது வேறு குரலாக இருந்தது. நான் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். அவர் வாய்க்கால் மேட்டில் மல்லாந்து கிடந்தார். ஒரு கையில் ஒயர் முனை இன்னும் சிக்கியிருந்தது. நான் ஒன்றும் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உன் பெரியப்பா வந்தார், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்தார்கள். பெரியப்பா மோட்டார் ரூம் கதவருகே நின்று, "சுவிட்ச யாருடா தொட்டது?" என்று கத்தினார். உன்னைத் தேடியபோது நீ கரும்புக்குள் போய் உட்கார்ந்திருந்தாய். கரும்புச் சோகை கிழித்து முகமெல்லாம் கோடு கோடாக இருந்தது. பயத்தில் ஓடிவிட்டாய் என்று நாங்கள் நினைத்தோம். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் போய் உட்கார்ந்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு காட்டைக் குத்தகைக்கு விட்டோம். சேலத்தில் படித்த பி.எஸ்ஸி.யை வைத்து எனக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்த வேண்டும். முதல் வருஷம், மூன்று டார்ச் பல்பை வரிசையாகக் கோத்துக் கொடுத்து, ஒரு பல்பைக் கழற்றச் சொன்னேன். மூன்றும் அணைந்தன. "டூ விட்டுருச்சுங்க மிஸ்" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். வோல்ட்மீட்டரை வைத்து ஒவ்வோர் இடத்திலும் அளக்கச் சொன்னேன். முழுசாக இருந்த இரண்டு பல்பிலும் முள் அசையவில்லை. பல்பைக் கழற்றிய காலி ஹோல்டரில் வைத்ததும் முள் எழுந்து ஆறில் போய் நின்றது. "இதென்னங்க மிஸ், பல்பு இருக்கற எடத்துல ஒண்ணுமில்ல, இல்லாத எடத்துல அத்தனையும் நிக்குது?" என்று அதே பெண் கேட்டாள். அறுந்த இடத்தில்தான் மொத்தமும் நிற்கும் என்று பாடம் சொன்னேன். அவள் விளையாட்டாக, இரண்டு பக்கமும் சீவிய தன் பென்சிலை எடுத்து அந்த ஹோல்டருக்குள் இருந்த இரண்டு தகட்டுக்கும் நடுவே வைத்தாள். மிச்சமிருந்த இரண்டு பல்பும் மங்கலாக, செம்மண் நிறத்தில் எரிந்தன. "கரண்ட் வந்துருச்சுங்க மிஸ்!" என்று கத்தினாள். நான் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். உன் அப்பா எப்படிப் போனார் என்பது அன்று எனக்குப் புரிந்தது. உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. உனக்கு ஒன்றுமே தெரியாது, தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். பென்சிலை மட்டும் யாரையும் வைக்க விடுவதில்லை.

நிவேதா பேசிய மறுநாள் இந்தப் பலகையைச் செய்தேன். பேட்டரி, சுவிட்ச், பல்பு, இரண்டு ஆணி, திரும்பப் பேட்டரி. ஆணிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளிதான் அந்த ஜாயின்ட். குமிழைக் கீழே தள்ளிச் சுவிட்சைப் போட்டு வைத்தேன், மோட்டார் ரூமில் எப்போதும் இருந்த மாதிரி. பல்பு எரியவில்லை. பல்பில் அளந்தேன், ஒன்றுமில்லை. ஆணிகளுக்கு நடுவில் அளந்தேன், ஆறு வோல்ட். பிறகு, பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அனுமதிக்காததைச் செய்தேன். பென்சிலின் இரண்டு முனையையும் இரண்டு ஆணியில் வைத்தேன். பல்பு மங்கலாக எரிந்தது. சாமி, நான் சுவிட்சைத் தொடவே இல்லை. யாரும் தொடவில்லை. அது முன்பே போட்டிருந்தது. பென்சில் வந்து சேர்ந்ததால் மட்டுமே பல்பு எரிந்தது.

இப்போது நீ சொன்ன வரிசையைப் பார். பல்பு எரிந்தது, அதற்குப் பிறகுதான் நீ சுவிட்சிடம் ஓடினாய். நீ போட்டதால் கரண்ட் வந்திருந்தால், முதலில் உன் கை, பிறகு பல்பு என்று இருந்திருக்கும். உன் ஞாபகத்தில் பல்புதான் முதலில் இருக்கிறது. நீ கத்தியது என் காதிலும் விழுந்தது; ஓடிப்போய்த் தொட்டுவிட்டுக் கத்துகிற குரலா அது? நீ அந்தப் பல்பைப் பார்த்தபோதே உன் அப்பா பிடியில் மாட்டியிருந்தார். எப்போதும் போட்டே இருக்கிற சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினால் என்ன ஆகும்? அணையும். பலகையில் பென்சிலை வைத்தபடியே குமிழை மேலே தள்ளிப் பார்த்தேன். பல்பு அணைந்தது. கரண்ட் பிடித்தவருடைய கை தானாக விடாது. கரண்ட் நின்றால்தான் விடும். அவர் விழுந்தது நீ போட்டதால் இல்லை. நீ அணைத்ததால்தான் அந்தப் பிடியிலிருந்து விழுந்தார். அதற்குள் நேரம் கடந்துவிட்டிருந்தது. அதை என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காட்டில், அந்த நேரத்தில், செய்ய வேண்டிய ஒரே காரியத்தைச் செய்தது தொடாதே என்று சொல்லி வைக்கப்பட்டிருந்த ஒரு குழந்தை.

இருந்தாலும், அம்மா நமக்காக எதையோ கட்டிச் சொல்கிறாள் என்று நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் பத்திரிகை வைக்கும் சாக்கில் உன் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். வேட்டி எடுத்தாச்சா, சமையல்காரருக்குச் சொல்லியாச்சா என்று பேசிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"ஏனுங் மாமா, அன்னைக்கு மோட்டார் ரூம்ல சுவிட்ச் எப்படி இருந்துச்சுங்க?"

அவர் வெற்றிலைத் தட்டத்தை அப்படியே வைத்துவிட்டார். "இப்ப எதுக்கு அம்மிணி அதைய?"

"சொல்லுங்க."

"மேல இருந்துச்சு. அணைச்சிருந்துச்சு. யாரோ அணைச்சிருக்காங்கன்னுதான் யாரு தொட்டதுன்னு கேட்டேன். யாருமே வாயத் தொறக்கல." வெற்றிலையை எடுத்தார், திரும்ப வைத்தார். "நீ வேற கண்ணுமண்ணு தெரியாமப் போயி அவன் கையப் புடிச்சுட்டு உக்காந்திருக்கற, ஒயரோட. அந்தச் சுவிட்ச் மட்டும் கீழ இருந்துருந்தா, அன்னைக்கு ரெண்டு பொணம் எடுத்துருப்போம் அம்மிணி. அந்தச் சின்னப் பையன் கதி என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நெனச்சுப் பாப்பேன். அணைச்ச மகராசன் யாருன்னுதான் இதுநாள் வரைக்கும் தெரியல."

நான் அவரிடம் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. திரும்பி வரும் வழியில் அந்தக் காட்டில் இறங்கினேன். கரண்ட் சர்வீஸை அப்போதே வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். பழைய மோட்டார் ரூமில் குத்தகைக்காரர் சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டிப் போட்டிருக்கிறார். பல்பு இல்லை, ஹோல்டர் மட்டும் தொங்குகிறது. கதவோரத்துச் சுவிட்ச் அப்படியே இருக்கிறது. நூலாம்படை மூடி, குமிழ் மேல்நோக்கி நிற்கிறது. உன் விரலுக்குப் பிறகு வேறு விரல் அதன் மேல் படவில்லை. நானும் தொடவில்லை. அதன் முன்னால் நின்றபோது, அந்த மத்தியானம் இன்னும் முடியாமல் அங்கேயே நிற்பதுபோல் இருந்தது. துணியைப் போட்டுவிட்டு இப்போதுதான் ஓடி வந்து சேர்ந்த மாதிரி எனக்கு மூச்சு வாங்கியது.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மாக்கள் நிறைய புத்தி சொல்வார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான், அதையும் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். இருட்டாக இருக்கிற பல்பை நம்பாதே. நம் வீட்டில் அப்பாவைப் பற்றிய பேச்சே இல்லாமல் போனது. படத்துக்கு மாலை போடுவோம், அவ்வளவுதான். பேச்சு இல்லாததைப் பார்த்து, பையனுக்கு ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அறுந்த இடத்தில் மொத்தமும் நின்றுகொண்டிருக்கும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளந்து காட்டியவள், சொந்த வீட்டில் அளந்து பார்க்கவில்லை. நிவேதா பேசாமல் இருக்கிற நாட்கள் வரும். ஒன்றுமில்லை என்று அவள் சொல்வாள். ஒன்றுமில்லை என்று நீயும் சொல்வாய். அப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேள். அவள் உன்னிடம் கேட்டாளே, அந்த மாதிரி, கிண்டலாகவாவது கேள். நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தை வெளியில் மற்றவர்கள் படிக்கவும் கொடுக்க நினைக்கிறேன். நம் பக்கத்தில் எத்தனையோ தோட்டத்தில் அப்படி ஒரு பல்பு இன்னமும் தொங்குகிறது. அது எரியவில்லை என்பதை நம்பித்தான் எவரோ ஒருவர் ஒயரில் கை வைப்பார்.

சீரியல் செட் வேண்டாம் என்றால் வேண்டாம். வாழைமரம் போதும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பலகையை நீயே செய்து பார்க்க வேண்டும். நான் சொன்னதற்காக நம்பாதே. வோல்ட்மீட்டரும் வைத்திருக்கிறேன், அளந்து பார். வெறும் பேட்டரிதான், யாரையும் ஒன்றும் செய்யாது. சுவிட்சை நான் போட்டே வைத்திருக்கிறேன், நீ போட வேண்டியதில்லை. பென்சிலை ஆணிகளின் மேல் வை. பல்பு எரியும், அந்தச் செம்மண் நிறத்திலேயே எரியும், பயமாக இருக்கும். கண்ணை எடுத்துவிடாதே. பிறகு, அன்று செய்ததை இன்னொரு முறை செய். குமிழைத் தட்டு.

நான் சமையலறையில்தான் இருப்பேன். உன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்த இந்தக் கையால்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். நீ அன்று ஒரு குமிழைத் தட்டியதால் இருக்கிற கை இது. பல்பு அணைந்ததும் என்னைக் கூப்பிடு, சாமி. அன்று அப்பா திரும்பவில்லை. நான் திரும்புவேன்.

அம்மா